குருளையரும் தாள் விமானமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஆண்டு நிறைவு விழாக்களில் காப்பியச் சுவை பற்றியோ திறனாய்வு நெறி பற்றியோ பேசுதல் மரபு. அம்மரபினின்றும் சற்றே விலகி, பத்து வயதை ஒட்டிய பிள்ளைகள் ஒரு தாளை மடித்துக் காற்றில் விடும் எளிய விளையாட்டைப் பொருளாகக் கொண்டது இவ்வுரை. பத்து வயது நிரம்பிய ஓர் அமைப்பின் விழாவில் பத்து வயதுப் பிள்ளைகளின் செயலைப் பேசுவது பொருத்தமுடையதே.

நம் ஊர்ப் பிள்ளைகள் தாள் விமானத்தை 'ராக்கெட்' என்பர். ஆசிரியர் கரும்பலகையின் பக்கம் திரும்பியதும் கடைசி வரிசையிலிருந்து அது புறப்படும். திரும்பி வந்து விழுமிடம் பெரும்பாலும் ஆசிரியரின் மேசையாக இருக்கும். அதன் பயன் முழங்காலிடுதலோ வகுப்பிற்கு வெளியே நிற்றலோ ஆகும். நம் வகுப்பறையில் குற்றமாகக் கருதப்படும் அதே செயல், சாரண இயக்கத்தின் இளைய பிரிவாகிய குருளையர் கூட்டங்களில் முறையான போட்டியாக நடத்தப்படுகின்றது. கோடு கிழித்து, அளவுநாடா விரித்து, நிறுத்துகடிகாரம் கொண்டு அளந்து, பாராட்டும் வழங்குகின்றனர். ஒரே செயல் ஓரிடத்தில் குற்றமாகவும் மற்றோரிடத்தில் கல்வியாகவும் அமைவது எதனால் என்பது எண்ணத்தக்கது.

குருளை என்னும் சொல்

சாரணர் இயக்கத்தின் இளம் உறுப்பினரை ஆங்கிலத்தில் 'கப்' என்பர். விலங்கின் குட்டி என்பது அதன் பொருள். தமிழில் இவ்வியக்கத்தை வளர்த்தோர் அதற்குக் 'குருளையர்' என்னும் சொல்லைத் தேர்ந்தெடுத்தனர். தமிழகத்திலும் ஈழத்திலும் இச்சொல் வழக்கூன்றியுள்ளது.

தொல்காப்பியர் மரபியலின் தொடக்கத்திலேயே இளமைப் பெயர்களை வகுக்கின்றார். பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்பன அவர் கூறும் ஒன்பது. இவற்றுள் குருளை என்னும் பெயர் நாய், பன்றி, புலி, முயல் ஆகியவற்றின் இளமைக்கு உரியது என்றும், நரியும் அவ்வாறே என்றும் அவர் உரைக்கின்றார். நாய்க்கும் நரிக்கும் உரிய பெயர் அவற்றின் இனமாகிய ஓநாயின் குட்டிக்கும் பொருந்தும். ஓநாய்க் குட்டியைக் குறிக்க வந்த அயற்சொல்லுக்கு ஈராயிரம் ஆண்டுத் தொன்மையுடைய சொல்லைத் தேடி எடுத்து வைத்தவரின் தமிழறிவு பாராட்டற்குரியது. கலைச்சொல்லாக்கம் என்பது புதியது புனைதல் மட்டுமன்று, பழையதை உரிய இடத்தில் அமர்த்துதலும் ஆகும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

குருளையர் தோன்றிய கதை

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரௌன்சீ தீவில் ஏறத்தாழ 20 சிறுவர்களைக் கொண்டு பேடன் பவல் நடத்திய பாசறையே சாரண இயக்கத்தின் வித்து. 1908-இல் அவர் எழுதிய நூல் வெளிவந்ததும் இயக்கம் விரைந்து பரவியது. அண்ணன்மார் சீருடை அணிந்து காட்டிற்கும் மலைக்கும் செல்வதைக் கண்ட தம்பிமார் வீட்டில் அடங்கியிருப்பரோ? தமக்கும் இடம் வேண்டும் என்று கேட்டனர். அவர்தம் ஆர்வத்திற்கு விடையாக 1914-இல் ஒரு முன்திட்டம் வகுக்கப்பட்டு, 1916-இல் 'ஓநாய்க் குருளையர்' என்னும் தனிப்பிரிவு தோன்றியது.

அப்பிரிவிற்கு ஓர் இலக்கியமே அடித்தளமாயிற்று. 1894-இல் வெளிவந்த ரட்யார்ட் கிப்ளிங்கின் 'தி ஜங்கிள் புக்' என்னும் கதைநூலில் மௌக்லி என்ற மனிதக் குழந்தையை ஓநாய்கள் வளர்க்கின்றன. பாலு என்னும் கரடியும் பகீரா என்னும் கருஞ்சிறுத்தையும் அவனுக்குக் காட்டின் நெறியைக் கற்பிக்கின்றன. அக்கதையிலிருந்தே குருளையரின் தலைவருக்கு அகேலா என்னும் பெயர் வந்தது. கதைநூல் ஒன்று உலகெங்கும் பல தலைமுறைப் பிள்ளைகளின் வாழ்க்கை முறையோடு இவ்வாறு கலந்தமை இலக்கிய அன்பர்கள் மகிழ்தற்குரியது.

அது முதல் உலகப் போர்க்காலம். ஆடவர் பலர் போர்முனை சென்றிருந்தமையால் குருளையர் கூட்டங்களை நடத்தும் பொறுப்பைப் பெண்டிர் பலர் ஏற்றனர். அவருள் வேரா பார்க்ளே என்னும் பெண்மணி இப்பிரிவை உருவாக்கும் பணியில் பேடன் பவலுக்குத் துணை நின்றவர். ஆண்பிள்ளைகளுக்கென எழுந்த ஓர் இயக்கத்தின் இளம்பிரிவு பெண்களின் கையில் வளர்ந்தது என்பது மறக்கலாகாத செய்தி. இந்தியாவில் சிறுமியர்க்கெனப் 'புல்புல்' பிரிவு தனியே இயங்குகின்றது. அமெரிக்காவிலோ 2018 முதல் சிறுமியரும் குருளையராகச் சேர்க்கப்பட்டனர்.

காற்றோடு இக்குடும்பத்திற்கு இருந்த உறவும் குறிப்பிடத்தக்கது. பேடன் பவலின் தம்பியாகிய பேடன் பேடன்-பவல் வானியக்கத்தில் பெருவிருப்பம் கொண்ட படைத்துறை அலுவலர். 1894-இலேயே மனிதனைத் தூக்கிச் செல்லும் பெரும்பட்டங்களைச் செய்து பறக்கவிட்டவர். பிரித்தானிய வானியக்கக் கழகத்தின் தலைவராகவும் விளங்கியவர். தமையன் தரையில் நடக்கும் பிள்ளைகளை நோக்கினார். தம்பி வானத்தை நோக்கினார். தாள் விமானம் விடும் குருளை அவ்விருவர் நோக்கையும் இணைக்கின்றது எனலாம்.

போட்டி நடைபெறும் முறை

அமெரிக்க நாட்டில் குருளையர் கூட்டத்தைப் 'பேக்' என்பர். ஓநாய்க் கூட்டம் என்று பொருள். அதன் சிறு பிரிவு 'டென்', அஃதாவது குகை. வகுப்பிற்கேற்பப் புலி, ஓநாய், கரடி என நிலைகள் உண்டு. பள்ளி, தேவாலயம், ஊர்க் கழகம் போன்றவற்றின் கூடங்களில் இவர்கள் கூடுகின்றனர். காற்றுப் புகாத பெருங்கூடமே தாள் விமானத்திற்கு ஏற்ற களம்.

போட்டி பொதுவாக மூவகைப்படும். நெடுந்தொலைவு செல்லுதல் ஒன்று. நெடுநேரம் காற்றில் நிற்றல் மற்றொன்று. தொங்கும் வளையத்தின் ஊடே புகுதல் போலக் குறி தவறாமை மூன்றாவது. இம்மூன்றிலும் ஒரே விமானம் வெல்லுதல் அரிது. கூரிய முனையும் குறுகிய சிறகும் உடையது அம்பெனப் பாய்ந்து தொலைவு கடக்கும். அகன்ற சிறகுடையது விரையாது. ஆயினும் நெடுநேரம் மிதக்கும். விரைவோனுக்கு ஒரு களமும் நிதானிப்போனுக்கு ஒரு களமும் வகுத்து வைத்த இம்முறை, ஒரே தேர்வில் எல்லாப் பிள்ளைகளையும் நிறுத்துப் பார்க்கும் கல்விமுறைக்கு ஒரு குறிப்புரை போல் அமைகின்றது.

எல்லார்க்கும் ஒரே வகைத் தாள் என்பது இப்போட்டியின் உயிரான விதி. ஒரு சதுர மீட்டர்ப் பரப்பிற்கு 80 கிராம் எடையுள்ள ஏ4 தாள் ஒன்றின் எடை 5 கிராம் மட்டுமே. அமெரிக்கர் வழங்கும் லெட்டர் அளவுத் தாளும் ஏறக்குறைய அவ்வளவே. அந்த 5 கிராமுக்கு மேல் எவனுக்கும் எதுவும் இல்லை. மாளிகையிலிருந்து வருபவனுக்கும் வாடகைக் குடிலிலிருந்து வருபவனுக்கும் மூலதனம் ஒன்றே. கையின் ஒழுங்கும் கண்ணின் கவனமும் மட்டுமே வேறுபாட்டை உண்டாக்குகின்றன. செல்வம் நுழைய முடியாத விளையாட்டுகள் இன்று அரியன. அவ்வரியனவற்றுள் இஃது ஒன்று.

காற்று கற்பிக்கும் பாடம்

பறக்கும் பொருள் எதுவாயினும் நான்கு விசைகளுக்கு உட்பட்டது. எடை கீழே இழுக்கும். தூக்குவிசை மேலே ஏந்தும். உந்துவிசை முன்னே செலுத்தும். இழுவிசை பின்னே தடுக்கும். தாள் விமானத்திற்கு எந்திரம் இல்லை. குருளையின் கை தரும் ஒரே உந்துதலே அதன் உந்துவிசை. கையை விட்டு நீங்கிய பின் அது தன் உயரத்தைச் சிறிது சிறிதாகச் செலவிட்டுத் தொலைவை வாங்குகின்றது. புறநானூற்றின் 27-ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், செலுத்துவோன் இன்றிச் செல்லும் வான ஊர்தியைக் குறிக்கின்றார். நல்வினை செய்தோர் அடையும் ஊர்தி அது. தாள் விமானமும் செலுத்துவோன் இல்லாததே. ஆனால் விடுமுன் செய்த வினை நன்றாக இருந்தாலன்றி அதுவும் செல்லாது!

மூக்குப் பகுதியில் எடை மிகுந்தால் விமானம் தலைகுப்புறப் பாயும். வால் பக்கம் எடை மிகுந்தால் மூக்கு மேலெழும்; மேலெழுந்து விரைவு குன்றி, ஒருகணம் தயங்கி நின்று, பொத்தென்று விழும். முதற்குறைக்கு மருந்து, சிறகின் பின்விளிம்பைச் சற்றே மேல்நோக்கி வளைத்தல். இரண்டாவதற்கு மருந்து அவ்வளைவைக் குறைத்தலும் மூக்கில் எடை கூட்டுதலும் ஆகும். இருசிறகும் ஒத்திராவிடில் விமானம் ஒருபுறம் சாயும். பின்னிருந்து நோக்குங்கால் சிறகுகள் சற்று மேல்நோக்கி விரிந்திருந்தால் ஆட்டம் அடங்கி நேரே செல்லும். மடிப்பை நகத்தால் அழுத்தித் தேய்த்தவன் விமானம் காற்றை எளிதில் கிழிக்கும். அவசரமாக மடித்தவனுடையது காற்றில் வாய்பிளந்து தடுமாறும்.

இவையெல்லாம் பொறியியற் பாடங்கள். ஆனால் ஏழு வயதுக் குருளைக்கு இவற்றை எவரும் சொற்பொழிவாற்றிக் கற்பிப்பதில்லை. அமெரிக்கச் சாரண இயக்கம் 2015-இல் நடைமுறைப்படுத்திய திட்டத்தில், ஓநாய் நிலைக் குருளையர்க்குக் காற்றைப் பற்றிய விருப்பப் பகுதி ஒன்று இருந்தது. அதிலுள்ள ஒரு செயல் இது: தாள் விமானம் ஒன்றைச் செய்து ஐந்து முறை விடவேண்டும், பின்னர் அதன் வடிவை மாற்றி, இன்னும் தொலைவு செல்கின்றதா என ஐந்து முறையேனும் விட்டுப் பார்க்கவேண்டும். வெற்றி பெறவேண்டும் என்று அங்கு விதிக்கப்படவில்லை. முதல் ஐந்திற்கும் அடுத்த ஐந்திற்கும் இடையே பிள்ளை எதை மாற்றினான் என்பதே வினா. ஆய்வு நெறியை இதனினும் சுருக்கமாகச் சொல்லுதல் அரிது. முனைவர் பட்ட ஆய்வாளர் பலர் ஆண்டுக்கணக்கில் கற்பதும் இதனையே அன்றோ?

யார் மடித்த விமானம்?

இப்போட்டியில் பிள்ளைகளுக்கு நேரும் பேரிடர் தோல்வியன்று, பெரியோரின் கை.

குருளையர் உலகில் புகழ்பெற்ற மற்றொரு போட்டி 'பைன்வுட் டெர்பி'. 1953-இல் கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச் நகரில் டான் மர்ஃபி என்னும் குருளையர் தலைவர் அதனைத் தொடங்கினார். சோப்புப்பெட்டி வண்டிப் பந்தயத்தில் கலந்துகொள்ள அவர் மகனுக்கு வயது போதவில்லை. அவனையொத்த பிள்ளைகளுக்காக மரத்துண்டும் சக்கரங்களும் கொண்டு சிறுவண்டி செய்து, சரிவுப் பாதையில் ஓடவிடும் போட்டியை அவர் வகுத்தார். தந்தையும் மைந்தனும் சேர்ந்து ஒரு பொருளைச் செய்யட்டும் என்னும் அன்பே அதன் தோற்றுவாய். ஆயினும், வண்டிகளைச் செய்பவர் தந்தையரே, பிள்ளைகள் பார்வையாளரே என்னும் குறை அப்போட்டியைப் பல்லாண்டுகளாகத் தொடர்ந்து வருகின்றது. வாளும் அரமும் துளைகருவியும் வேண்டிய இடத்தில் பெரியோர் கை நுழைதல் இயல்பு. நுழைந்த கை வெளியேறுவது அரிது.

தாள் விமானத்திற்கு வாளும் வேண்டா, அரமும் வேண்டா. ஆகவே பெரியோர் கை நுழைவதற்கு ஏதும் காரணமில்லை, ஆயினும் நுழைகின்றது. இத்தகைய கூடம் ஒன்றை மனக்கண்முன் கொணர்ந்து பார்க்கலாம்.

மாலை நேரம். தரையில் வெள்ளைக்கோடு. கோட்டின் பின்னே நீலச்சட்டையும் கழுத்துத்துணியும் அணிந்த பிள்ளைகள் வரிசையாக நிற்கின்றனர். சுவரோரத்து நாற்காலிகளில் பெற்றோர். ஒவ்வொருவர்க்கும் மூன்று வாய்ப்பு. இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் முன்வருகின்றான். மடிப்பு சற்றே கோணல். கையை முழுவதும் பின்னிழுத்து வீசுகின்றான். விமானம் இரண்டு முழம் சென்று மூக்கால் தரையைக் குத்துகின்றது. கூடம் சிரிக்கின்றது.

சுவரோரத்திலிருந்து தந்தை எழுகின்றார். அவர் பைக்குள் இன்னொரு விமானம் இருக்கின்றது. நேற்றிரவு அளவுகோல் வைத்து அவரே மடித்தது. அதைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டால் அவமானம் தீரும். மகன் தந்தையைப் பார்க்கின்றான். தந்தையின் கை பைக்குள் இருக்கின்றது.

அந்நேரம் குருளையர் தலைவி அருகில் வந்து மண்டியிட்டு, பிள்ளையின் கண்மட்டத்திற்குத் தம் கண்ணைத் தாழ்த்தி ஒன்றே ஒன்று கேட்கின்றார்: "மூக்கில் விழுந்ததா, வாலில் விழுந்ததா?"

"மூக்கில்."

"அப்படியானால் அதற்கு என்ன வேண்டும்?"

பிள்ளை சிறிது நேரம் எண்ணுகின்றான். சிறகின் பின்விளிம்பை மேல்நோக்கி வளைக்கின்றான், மிகுதியாகவே வளைத்துவிட்டான். இரண்டாம் முறை விமானம் மேலெழுந்து, நின்று, பின்னே சரிந்து விழுகின்றது. தலைவி வாய் திறக்கவில்லை. பிள்ளை வளைவைப் பாதியாகக் குறைக்கின்றான். மூன்றாம் முறை விமானம் கோட்டைக் கடந்து, நாற்காலிகளைக் கடந்து, கூடத்தின் நடுவரை சென்று வயிற்றால் வழுக்கி நிற்கின்றது. அவனுக்குப் பரிசு இல்லை. அவனினும் தொலைவு விட்டவர் எழுவர் இருந்தனர். எனினும் அவன் ஓடிச்சென்று விமானத்தை எடுத்து, முதலில் காட்டியது தந்தையிடம். தந்தையின் பைக்குள் இருந்த விமானம் அன்று வெளியே வரவே இல்லை.

இக்காட்சி கற்பனையே. ஆயினும் இத்தகைய கூடம் எதிலும் இத்தகைய தந்தை ஒருவரேனும் இருப்பார். பிள்ளை தோற்பதைப் பார்த்துக்கொண்டிருத்தல் பெற்றோர்க்குக் கடுமையான தவம். நடைவண்டி தள்ளும் மழலை விழும்போது உடனே தூக்காது ஒருகணம் பொறுத்திருந்த தாயே அப்பிள்ளையை நடக்கச் செய்தாள். குருளையரின் பழைய உறுதிமொழி நெறியில் இரு கருத்துகள் உண்டு: மூத்த ஓநாயின் சொல்லுக்கு இணங்குதல் ஒன்று, தன் சோர்வுக்குத் தான் இணங்காமை மற்றொன்று. முதலாவதைப் பெரியோர் கற்பிக்கலாம். இரண்டாவதைப் பிள்ளை தானே கற்கவேண்டும். பெரியோர் கை குறுக்கிடும் இடத்தில் அந்த இரண்டாம் பாடம் நிகழ்வதே இல்லை.

இருவகைச் சிரிப்பு

அக்கூடத்தில் எழுந்த சிரிப்பும் ஆராயத்தக்கது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கினைக் கூறுகின்றார். தலைகுப்புற விழும் தாள் விமானத்தைக் கண்டு எழும் சிரிப்பு எள்ளலின் சிரிப்பாகவும் இருக்கலாம். இளமையின் சிரிப்பாகவும் இருக்கலாம். ஒலி ஒன்றே, உள்ளம் வேறு. எள்ளலாயின் விழுந்தவன் மீண்டும் விடத் துணியான். இளமையாயின் விழுந்தவனே முதலில் சிரிப்பான். இவ்விரண்டனுள் எது ஒலிக்கவேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் கூட்டத்தை நடத்தும் தலைவரே.

அதே இயலில் உவகை பிறக்கும் களன்களுள் ஒன்றாக விளையாட்டு வைக்கப்பெற்றுள்ளது; அவ்வுவகை துன்பம் நீங்கியது என்பதும் ஆசிரியர் கருத்து. புகழோடு தொடர்புடைய இசைமையோ பெருமிதத்தின்பாற்பட்டது. விளையாட்டை உவகையின்கண் வைத்தாரேயன்றிப் பெருமிதத்தின்கண் வைத்தாரல்லர் என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. போட்டி வேண்டாம் என்பதன்று இதன் கருத்து. அளவுநாடாவும் கடிகாரமும் இல்லையேல் பிள்ளைகள் இத்துணை ஊன்றி மடியார். ஆனால் அளவுநாடா காட்டும் எண்ணைப் பிறனுடைய எண்ணோடு மட்டுமே ஒப்பிடும்போது விளையாட்டு உவகையின் எல்லையைத் தாண்டிவிடுகின்றது. தன் முதல் வீச்சின் எண்ணோடு தன் மூன்றாம் வீச்சின் எண்ணை ஒப்பிடும் பிள்ளை தோற்பதே இல்லை. இயன்றவரை சிறப்பாகச் செய் என்பது அமெரிக்கக் குருளையரின் குறிக்கோள் தொடர். 'பிறரினும் சிறப்பாக' என்று அது கூறாமை கருதத்தக்கது.

சிறியோர் விளையாட்டு, பெரியோர் சாதனை

சிறுபிள்ளை விளையாட்டுத்தானே என்று இதனை ஒதுக்குவோர்க்கு வரலாறு விடையளிக்கின்றது. 1878-இல் மில்ட்டன் ரைட் என்னும் சமயத் தலைவர் பயணத்திலிருந்து திரும்புகையில் தம் பிள்ளைகளுக்கு ஒரு பறக்கும் பொம்மை கொணர்ந்தார். தக்கையும் மூங்கிலும் தாளும் கொண்டு செய்யப்பெற்று, முறுக்கிய இரப்பரால் இயங்குவது அது. வில்பருக்கு அப்போது 11 வயது, ஆர்விலுக்கு 7, அஃதாவது குருளையரின் வயது. பொம்மை உடைந்ததும் அவர்களே அதைப்போல் செய்து பார்த்தனர். பெரிதாகச் செய்யச் செய்ய அது பறக்க மறுத்தது. ஏன் மறுத்தது என்ற வினா அவர்களை விட்டு நீங்கவில்லை. தந்தை பொம்மையைத் தந்தார். அதைப் படியெடுத்த கைகள் பிள்ளைகளுடையவை. 1903 டிசம்பர் 17 அன்று கிட்டி ஹாக் மணல்வெளியில் ஆர்வில் பறந்த முதற்பயணம் 12 விநாடி நீடித்தது. கடந்த தொலைவு 120 அடி, அஃதாவது ஏறத்தாழ 36.6 மீட்டர்.

இனித் தாள் விமானத்தின் கணக்கைப் பார்க்கலாம். 1966-67-இல் 'சயன்டிபிக் அமெரிக்கன்' இதழ் நடத்திய பன்னாட்டுத் தாள் விமானப் போட்டிக்கு 28 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 12,000 விமானங்கள் வந்து குவிந்தன. சிறுவயதிலேயே தாள் மடிக்கத் தொடங்கி வானூர்திப் பொறியாளரான கென் பிளாக்பர்ன், 1998-இல் அட்லாண்டா நகர உள்ளரங்கில் 27.6 விநாடி விமானத்தைக் காற்றில் நிறுத்தினார். 2010-இல் ஜப்பானியர் டக்குவோ டோடா அதனை 29.2 விநாடியாக உயர்த்தினார். தொலைவில், 2012-இல் ஜான் காலின்ஸ் மடித்த விமானத்தை ஜோ அயூப் என்னும் விளையாட்டு வீரர் வீச, அது 69.14 மீட்டர் சென்றது. மடித்தவர் ஒருவர், வீசியவர் மற்றொருவர். வெற்றி இருவர்க்கும் உரியது. 2022 டிசம்பரில் இண்டியானாவின் கிரௌன் பாயின்ட்டில் டில்லன் ரூபிள், காரெட் ஜென்சன் என்னும் இளம் பொறியாளர் இருவரும் நதானியேல் எரிக்சன் என்னும் நண்பரும் சேர்ந்து உருவாக்கிய விமானம் 88.318 மீட்டர் சென்றது.

ரைட் சகோதரரின் முதற்பயணத்தைக் காட்டிலும் இருமடங்கிற்கு மேற்பட்ட தொலைவையும் நேரத்தையும் ஒரு தனித்தாள் கடந்திருக்கின்றது! இவ்வொப்பீடு ரைட் சகோதரரின் பெருமையைக் குறைப்பதற்கன்று. மனிதனைச் சுமந்து பறத்தல் வேறு, தாள் பறத்தல் வேறு. ஒரு தாளுக்குள் எவ்வளவு அடங்கியிருக்கின்றது என்பதைக் காட்டுதற்கே அது கூறப்பெற்றது. இச்சாதனையாளரும் தம் முதல் விமானத்தை மூக்கால் குத்தவிட்டவர்களாகவே இருந்திருப்பர்.

நம் சிறுதேரும் இவர்தம் விமானமும்

பட்டினப்பாலையில் மூன்று கால் சிறுதேர் உருட்டும் புதல்வரைக் காண்கின்றோம். குறுந்தொகை, ஏறிச் செல்லாது கையால் இழுத்துச் செல்லும் சிறுதேரைக் காட்டுகின்றது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவமாகச் சிறுதேர்ப் பருவத்தையே நம் முன்னோர் வைத்தனர். தன் காலத்தின் பெரிய ஊர்தியைச் சிறிதாக்கித் தன் கையால் இயக்கிப் பார்க்கும் வேட்கை எக்காலத்துக் குழந்தைக்கும் உரியது. தேர் ஓடிய காலத்தில் சிறுதேர் உருட்டினர். விமானம் பறக்கும் காலத்தில் தாள் விமானம் விடுகின்றனர். சிறுதேர்ப் பருவத்திற்குப் பாட்டு இயற்றிய தமிழ்மரபு, தாள் விமானத்திற்குத் தண்டனை மட்டும் வைத்திருப்பது தகுமா?

வகுப்பறையில் தாள் விமானம் பறக்கலாம் என்பது இவ்வுரையின் முடிபன்று. பாடம் நடக்கும்போது பறப்பது இடையூறே. ஆனால் அதை விட்ட பிள்ளையின் கை ஒரு வினாவை எழுப்பியிருக்கின்றது. அவ்வினாவிற்கு வாரத்தில் ஒரு மணி நேரமேனும், ஒரு கோடும் ஓர் அளவுநாடாவும் ஒரே வகைத் தாளும் தரப்பெற்றால் குற்றம் கல்வியாகும். இதற்குச் செலவும் இல்லை, கருவியும் வேண்டா. 'மூக்கில் விழுந்ததா, வாலில் விழுந்ததா' என்று கேட்டுவிட்டுக் கையைப் பின்னே கட்டிக்கொள்ளும் ஆசிரியர் ஒருவர் போதும். தொடக்கத்தில் எழுந்த வினாவிற்கு விடையும் இதுவே.

இலக்கிய வட்டமும் பத்தாண்டுகளுக்கு முன்னர் ஒரு தாளில் தொடங்கியதே ஆகும். முதற்கூட்டத்தின் அழைப்பிதழும் ஒரு தாள்தான். இளங்கவிஞர் ஒருவர் நடுங்கும் கையோடு ஏந்திவந்த முதற்கவிதையும் ஒரு தாள்தான். அத்தாள்களுள் சில மூக்கால் விழுந்திருக்கும். சில நெடுந்தொலைவு சென்றிருக்கும். விழுந்தபோது எள்ளாது, எழுதியவர் கையிலிருந்து தாளைப் பறித்துத் தாமே எழுதியும் கொடாது, எங்கே குறை என்று கேட்டுக் காத்திருந்த மூத்தோரால்தான் இவ்வட்டம் பத்தாண்டு கண்டது. இனி வரும் குருளையர்க்கும் அதே பொறுமை இங்கே கிடைக்குமாயின், தாள்கள் பறந்துகொண்டே இருக்கும்.

வளர்க இலக்கிய வட்டம்! வாழ்க தமிழ்!